உள்ளூர் கேபிள் சேனலை எச்டிக்கு மாற்ற: விதியும் வேலையும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் உள்ளூர் சேனல் நடத்துபவர்கள் எச்டி (கூடுதல் தெளிவுள்ள படம்) என்றதும் கேமரா விலையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். கேமரா கடைசியாக வாங்க வேண்டியது. முதலில் பதிவைப் பாருங்கள், அடுத்து எம்எஸ்ஓவிடம் (சேனல்களைச் சேர்த்துக் கேபிளில் அனுப்பும் பெரிய ஆபரேட்டர்) உங்கள் சேனலை ஏற்ற இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேபிளில் மட்டும் ஓடும் உள்ளூர் சேனலை அரசு ‘பிளாட்பார்ம் சர்வீஸ்’ என்கிறது. இதற்கான நெறிமுறைகளை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 நவம்பர் 30 அன்று வெளியிட்டது. பதிவு செய்ய வேண்டியவர் எம்எஸ்ஓ. நிகழ்ச்சி தயாரிக்கும் நீங்கள் அல்ல. பதிவு ஆன்லைனில், கட்டணம் சேனலுக்கு 1,000 ரூபாய். மொத்த சேனல் கொள்ளளவில் 5 சதவீதம் வரை எம்எஸ்ஓ இப்படி ஓட்டலாம். அதற்கு மேல் மாவட்டத்துக்கு 2 சேனல் உண்டு. மயிலாடுதுறை 2020-இல் தனி மாவட்டமாகிவிட்டதால் அதை நாகப்பட்டினத்தோடு சேர்த்து எண்ண வேண்டியதில்லை.

உள்ளூர் செய்தி போடுவதென்றால் எம்எஸ்ஓ கம்பெனியாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். இதைக் கேட்காமல் ஒப்பந்தம் போடாதீர்கள். ஒரே சேனலை இரண்டு நெட்வொர்க்குக்குக் கொடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. விதி அதை அனுமதிப்பதில்லை. கோயில் போன்ற வழிபாட்டுத் தலங்களின் நேரலைக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. திருவாரூர் தியாகராஜர் கோயில் நேரலையைப் பகிரலாம். அன்றைய செய்தியைப் பகிர முடியாது.

ஒளிபரப்பியதை எம்எஸ்ஓ 90 நாள் சேமித்து வைக்க வேண்டும். எஸ்டி (பழைய சாதாரணத் தெளிவு) 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) என்றால் நாளுக்கு சுமார் 22 ஜிபி, 90 நாளுக்கு 2 டிபி. எச்டி 6 எம்பிபிஎஸ்ஸில் போனால் அதுவே கிட்டத்தட்ட 6 டிபி. 8 டிபி டிஸ்க் யார் வாங்குவது என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

மாற்றம் இழுத்துக்கொண்டே போவதற்கு உண்மையான காரணம் இடம்தான். கிராமங்களில் அனலாக்கை நிறுத்தக் கடைசியாகக் குறித்த கெடு 2017 மார்ச் 31. டிஜிட்டல் ஆனபின் 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், 64 க்வாம் என்ற சிக்னல் முறையில், சுமார் 38 எம்பிபிஎஸ் கிடைக்கிறது. அதில் எஸ்டி 18 ஏறும், எச்டி ஆறுதான். கட்டண சேனலை இறக்கிவிட்டு உள்ளூர் சேனலுக்கு மூன்று மடங்கு இடம் கொடுக்க எந்த எம்எஸ்ஓவும் யோசிப்பார். கொடுத்தாலும், மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயர் போட்ட பழைய எஸ்டி பெட்டியில் எச்டி சேனல் வராது.

அதனால் படப்பிடிப்பை மட்டும் இப்போதே 1080 என்ற எச்டி அளவில், நொடிக்கு 25 அல்லது 50 பிரேமில் வைத்துக்கொண்டு, எஸ்டியாகக் குறைத்து அனுப்புவதே நல்லது. செல்போனில் 30 பிரேமில் எடுத்ததைக் கலந்தால் தேர் நகரும்போது படம் வெட்டி வெட்டிப் போகும். இரவு ஊர்வலத்தில் விளக்கு துடித்தால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடிக்குக் கொண்டுவாருங்கள். 16:9 படத்தை 4:3-க்குள் அமுக்கினால் முகமெல்லாம் நீண்டுவிடும். படத்தைச் சுருக்கி அனுப்பும் என்கோடரில் லெட்டர்பாக்ஸ் (மேலும் கீழும் கறுப்புப் பட்டை) வையுங்கள். பக்கவாட்டை வெட்டி அனுப்புவதானால் பெயர்ப்பட்டையை நடுவிலேயே வைக்க வேண்டும்.

கட்டம் கட்டமாக உடைகிறது என்று வீட்டிலிருந்து போன் வந்தால், மற்ற சேனலும் உடைகிறதா என்று கேளுங்கள். உங்கள் சேனல் மட்டும் என்றால் என்கோடரையும் ஹெட்எண்டுக்கு (எம்எஸ்ஓவின் ஒளிபரப்பு நிலையம்) போகும் லைனையும் பாருங்கள். எல்லாமே என்றால் வயர்தான். வேதாரண்யம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்றில் கேபிள் முனையில் இருக்கும் எஃப் கனெக்டர் பச்சை பூத்துவிடும்; ஐப்பசி மழைக்கு முன்பே அதை வெட்டிப் புதிதாகப் போட்டுவிட வேண்டும்.