போர்ட்ஃபோலியோவில் உடைந்து கிடக்கும் தமிழ்

போன வாரமும் ஒரு டிசைன் மாணவரின் போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) வந்தது. ஃபில்டர் காபிக்கு ஒரு பிராண்டிங் (அது இல்லாத மாணவர் போர்ட்ஃபோலியோ இருக்கிறதா என்ன?), டைப்போகிராபி (எழுத்து வடிவமைப்பு) அசைன்மென்ட், கடைசியில் குழந்தைத் திருமணத்துக்கு எதிராக ஒரு போஸ்டர் வரிசை. நிறமும் படமும் பிரமாதம். நடுவில் பெரிதாகக் 'கொடுமை' என்று இருக்க வேண்டும். முதலில் க நிற்கிறது, ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னால் போய்விட்டது. மகரத்துக்கு முன்னால் வரவேண்டிய ஐகாரக் குறி கடைசியில் தொங்குகிறது. அதை அப்படியே பிரின்ட் போட்டு, கல்லூரிக் கண்காட்சியில் மாட்டி, மார்க்கும் வாங்கியிருக்கிறார்.

கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "சாஃப்ட்வேர் தமிழை சப்போர்ட் பண்ணாது சார்."

பண்ணும். பல வருடங்களாகப் பண்ணுகிறது. அடோபியின் டிசைன் மென்பொருள்களான இன்டிசைனிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் பாராகிராஃப் பேனலின் மெனுவைத் திறந்தால் கம்போசர் (எழுத்துகளை வரியில் அடுக்கும் முறை) என்ற தேர்வுகள் இருக்கும். பதிப்பைப் பொறுத்து 'வேர்ல்ட்-ரெடி' என்றோ 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்றோ போட்டிருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள், கொம்பு தன் இடத்துக்குப் போய்விடும். ஃபோட்டோஷாப்பில் பிரிஃபரன்ஸில் டைப் பக்கத்தில் இதே தேர்வு இருக்கிறது. ஏற்கெனவே அடித்து வைத்த வரிகள் தானாக மாறாமல் போகலாம். அவற்றையும் செலக்ட் செய்து மாற்றுங்கள். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் "தமிழ் டிசைனுக்கு ஒத்துவராத மொழி" என்று முடிவுகட்டுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

சிலர் இதற்குப் பயந்து பாமினி போன்ற பழைய ஃபாண்டுக்கு ஓடுகிறார்கள். திரையில் சரியாகத்தான் தெரியும். அந்த வரியைக் காப்பி செய்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள், ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்து விழும். அச்சகத்துக்காரர் கேட்டால் அதில் கொடுங்கள், மற்றபடி எங்கே ஒட்டினாலும் தமிழாகவே இருக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடிலேயே இருங்கள். ஃபாண்ட் இல்லை என்ற சாக்கும் இனி எடுபடாது. முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, அனெக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாமே கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். அவை திறந்த உரிமத்தில் வருவதால் வணிக வேலைக்கும் தடையில்லை. யாரோ டெலிகிராமில் போட்ட ஃபாண்ட் தொகுப்பை வாடிக்கையாளரின் லோகோவில் பயன்படுத்தாதீர்கள். வழக்கு வந்தால் வாடிக்கையாளர் தலையிலும் விழலாம்.

அப்புறம் ஆங்கிலப் பழக்கங்கள். தலைப்பு 'மாடர்ன்' ஆகத் தெரிய டிராக்கிங்கை (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை) 150க்கு ஏற்றுகிறார்கள். கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் என்று எழுத்து பிரிந்து நிற்கிறது. போல்ட் இல்லாத ஃபாண்டுக்கு ஸ்ட்ரோக் (வெளிக்கோடு) போட்டுத் தடிமனாக்கினால் ண, ளி போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. ஆங்கிலத்துக்கு வைத்த லைன் ஸ்பேஸையே வைத்தால் மேல் வரியின் கு, ரு கீழ் வரியின் 'கி'யில் போய் முட்டும். லோகோவில் இன்னொரு கொடுமை: ஆங்கில L எழுத்தை ட ஆக்கி, U எழுத்தை ப ஆக்கி ஒட்டுவது. ட, ப, ண இவற்றைப் பேனாவில் பெரிதாகப் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டு லோகோவுக்கு வாருங்கள்.

சமூகப் பிரச்சினை போஸ்டர்களைப் பற்றி இதைவிடக் கவலையாக ஒன்று சொல்ல வேண்டும். பாலியல் வன்முறை பற்றிய போஸ்டருக்கு, கூகுளில் கிடைத்த ஏதோ ஒரு குழந்தையின் அழுத முகம். யார் அந்தக் குழந்தை? யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்? பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் பெயரோ படமோ ஊடகத்தில் வெளிவருவதை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிறது. பாதிக்கப்படாத குழந்தையின் படம் என்றால், அதற்கு நடக்காத ஒன்றை அதன் முகத்தில் ஒட்டிவிட்டீர்கள். தயவுசெய்து வரையுங்கள், நிழலாகக் காட்டுங்கள், எழுத்தை வைத்தே செய்யுங்கள். உதவி எண்ணையும் மூலையில் 6 பாயின்டில் சாம்பல் நிறத்தில் ஒளிக்காதீர்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனநல உதவிக்கு 14416. போஸ்டரைப் பார்ப்பவருக்குத் தேவைப்படுவதே அதுதான், உங்கள் கல்லூரி லோகோவைவிடப் பெரிதாக வையுங்கள்.

போர்ட்ஃபோலியோ அனுப்பும் முன்பு பிடிஎஃப்பை வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். டிசைன் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. சத்தமாக வாசிக்கச் சொல்லி, திக்குகிற இடத்தையெல்லாம் திருத்திவிட்டு அனுப்புங்கள்.