சுவிச்சுக்கு எதற்கு ஐபி முகவரி?

திருகோணமலை நகரில் தலைமை அலுவலகம், பாலத்துக்கு அப்பால் கிண்ணியாவில் ஒரு கிளை என்று வைத்துக்கொள்வோம். கிளையில் கேபிள்கள் வந்து சேரும் வலையமைப்புப் பெட்டியான சாதாரண சுவிச், ஐபி முகவரி (வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) இல்லாமலேயே கணினிகளை இணைத்துவிடும். எந்த மேக் முகவரி (கணினியின் வன்பொருள் எண்) எந்தப் போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) இருக்கிறது என்பதை ஓர் அட்டவணையில் பதிந்து, அதைப் பார்த்தே தரவை அனுப்பும். சிஸ்கோ நிறுவனத்தின் சுவிச்சில், நாம் மாற்றாவிட்டால், 300 விநாடிகள் பேச்சுமூச்சின்றிக் கிடக்கும் மேக் முகவரி தானாக அழிந்துவிடும்.

ஐபி முகவரி தேவைப்படுவது சுவிச்சை நிர்வகிக்கும் நமக்குத்தான். வழக்கமாக அந்த முகவரியைப் போர்ட்டுக்குக் கொடுப்பதில்லை, வீலான் (சுவிச்சுக்குள் பிரிக்கும் மெய்நிகர் வலையமைப்பு) இடைமுகத்துக்கே கொடுக்கிறோம். உதாரணமாக 192.168.20.2, முகவரியின் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று காட்டும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி மூலமும் முகவரி பெறலாம். ஆனால் மாறாத முகவரியே நல்லது. ஏதாவது பழுதாகும்போதுதானே சுவிச்சைத் தேடுவோம்!

பலரும் மறப்பது டிஃபோல்ட் கேட்வேயை, அதாவது வெளி வலையமைப்புக்குப் போகும் தரவை ஒப்படைக்க வேண்டிய ரவுட்டரின் முகவரியை. கிளைக்குள்ளிருந்து சுவிச்சைப் பிங் செய்தால் (இருக்கிறாயா என்று கேட்டுப் பார்த்தால்) பதில் வரும். எல்லாம் சரி என்று தோன்றும். நகரிலிருந்து செய்தால் வராது. 192.168.10.5 என்ற நகரக் கணினியின் கேள்வி ரவுட்டர்களைக் கடந்து சுவிச்சுக்கு ஒழுங்காகவே போய்ச் சேர்கிறது. பதில்தான் சிக்கிக்கொள்கிறது. மாஸ்க்கைப் பார்க்கும் சுவிச், அந்தக் கணினி தன் வலையமைப்பில் இல்லை என்று கண்டுகொள்ளும். ஆனால் எந்த ரவுட்டரிடம் பதிலை ஒப்படைப்பது என்று அதற்குத் தெரியாது. ரவுட்டரில் ப்ராக்ஸி ஏஆர்பி (வெளிக் கணினிகளுக்காகத் தானே பதில் சொல்லித் தரவை வாங்கிக்கொள்ளும் வசதி) இயங்கினால் தப்பலாம். இல்லாவிட்டால் சுவிச்சில் நேரடியாகச் செருகும் கொன்சோல் கேபிளைத் தூக்கிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போக வேண்டியதுதான். இத்தனைக்கும் குறை ஒரே வரி: 'ஐபி டிஃபோல்ட்-கேட்வே 192.168.20.1'.

கணினிகளை எண்ணுக்குப் பதில் பெயரால் அழைப்பதும் கேட்வேயையே நம்பியிருக்கிறது. ஒருகாலத்தில் இணையத்தின் பெயர்களெல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. அது தாங்காமல் போகவே 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் பெயருக்குரிய ஐபி முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். சுவிச்சிலும் இரண்டு வழியும் உண்டு: 'ஐபி ஹோஸ்ட்' கட்டளையால் பெயர்களை நாமே எழுதி வைக்கலாம், 'ஐபி நேம்-சேர்வர்' கட்டளையால் டிஎன்எஸ் சேர்வரைக் காட்டலாம். சேர்வர் நகரில் இருந்து, கேட்வே விடுபட்டிருந்தால், பெயரும் கிடைக்காது.

சிஸ்கோவில் கட்டளையை எழுத்துப்பிழையோடு அடித்தால், அதை ஏதோ ஒரு கணினியின் பெயரென நினைத்துச் சுவிச் தேடப் போய்விடும். நாம் காத்திருக்க வேண்டும். இதற்காகப் பலர் 'நோ ஐபி டொமைன்-லுக்கப்' என்று பெயர் தேடலையே நிறுத்திவிடுகிறார்கள். அது வேண்டாம். கொன்சோல், விடிவை (தொலைவிலிருந்து சுவிச்சுக்குள் நுழையும் வழி) லைன்களில் 'ட்ரான்ஸ்போர்ட் ப்ரிஃபர்ட் நன்' என்று கொடுத்தால் அந்தத் தொல்லை மட்டும் ஒழியும். பிங்குக்கும் நேர ஒத்திசைவுக்கும் பெயர்கள் தொடர்ந்து பயன்படும்.