வீரரின் முகம் விலைபோகும் விதம்

2003ஆம் ஆண்டு கூடைப்பந்து வீரர் யாவ் மிங், கோக்ககோலாவின் சீனக் கிளை மீது ஷாங்காய் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கேட்ட இழப்பீடு 1 யுவான். கூடவே பகிரங்க மன்னிப்பு. சீன தேசிய அணி வீரர்கள் மூவரின் படத்தை அந்த நிறுவனம் தன் பாட்டில்களில் அச்சிட்டிருந்தது. மூவரில் யாவ் மிங்கும் ஒருவர். அவரோ பெப்சியின் விளம்பர முகம். தேசிய அணியின் வணிக உரிமையைக் கையாண்ட அமைப்போடு தனக்கு ஒப்பந்தம் இருப்பதாக கோக்ககோலா வாதாடியது. வீரரை வளர்த்தது அரசுப் பயிற்சி முறை, ஆகவே அவர் முகமும் அணியைச் சேர்ந்தது என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருந்தது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஆடத் தொடங்கிவிட்ட யாவ் மிங்கோ அதைத் தன் சொத்து என்றார். அதே ஆண்டு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, வழக்கு முடிந்தது.

திறமையை எல்லா நாட்டிலும் ஒரே அலகில்தான் அளக்கிறார்கள்: விநாடி, மீட்டர், புள்ளி. அதன் மேல் ஏறும் அர்த்தம்தான் எல்லை தாண்டியதும் மாறிவிடுகிறது. ஆட்டத்தை யார் ஒளிபரப்புகிறார்கள், முகம் யாருக்குச் சொந்தம், அந்த நேரத்தில் அந்தச் சமூகம் எந்தக் கதைக்கு ஏங்கியிருக்கிறது என்பவை சேர்ந்து அந்த அர்த்தத்தைத் தீர்மானிக்கின்றன.

ஒளிபரப்புக்கு இந்தியாவே நல்ல உதாரணம். 1993 ஹீரோ கோப்பை கிரிக்கெட் போட்டிகளை யார் ஒளிபரப்பலாம் என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. அலைவரிசை மக்களின் பொதுச்சொத்து, அது அரசின் ஏகபோகம் ஆகாது என்று 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு மார்க் மஸ்கரேனாஸின் வேர்ல்ட்டெல் நிறுவனம் சச்சின் டெண்டுல்கரோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. 1996 உலகக் கோப்பையின் தொலைக்காட்சி உரிமையும் அந்த நிறுவனத்திடமே இருந்தது. ஆட்டத்தை விற்றவரே ஆட்டக்காரரின் முகத்தையும் விற்றார். அந்தத் தொடரில் டெண்டுல்கர் 523 ரன்கள் குவித்து முதலிடம் பிடித்தார். கிரிக்கெட்டின் அமைப்பும் இதற்குக் கைகொடுத்தது. ஓவருக்கு ஓவர் இடைவேளை கிடைக்கிறது. பேட்ஸ்மேனின் முகம் நெருக்கக் காட்சியில் திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த நொடியே விளம்பரத்திலும் அதே முகம். திரையில் அடிக்கடி காணும் ஒருவரிடம் பார்வையாளருக்கு ஒருதலையான நெருக்கம் வளர்வதை ஆய்வாளர்கள் ஹார்ட்டனும் வோலும் 1956இலேயே விளக்கிவிட்டார்கள். கால்பந்தில் 45 நிமிடம் ஆட்டம் தொடர்ந்து ஓடுவதால் விளம்பரம் சட்டையிலும் மைதான ஓரப் பலகையிலும் போய் ஒட்டிக்கொண்டது.

கதையின் வலிமையைப் பார்க்கத் தென்கொரியாவுக்குப் போக வேண்டும். 1997 இறுதியில் அந்த நாடு பன்னாட்டு நிதியத்திடம் கடனுக்குக் கையேந்தி நின்றது. 1998 ஜூலையில் 20 வயது கோல்ஃப் வீராங்கனை பாக் சே-ரியின் பந்து, அமெரிக்க மகளிர் ஓப்பன் போட்டியில் குளக்கரையில் சிக்கியது. காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி அடித்தார், வென்றார். கணுக்காலுக்கு மேலே வெயிலில் கறுத்த கால், கீழே வெள்ளைவெளேர் என்ற பாதம். எத்தனை ஆண்டுப் பயிற்சி என்பதை எந்த வர்ணனையும் இல்லாமலே அந்தக் காட்சி சொல்லிவிட்டது. நாட்டுக்குத் தெம்பூட்டும் பொதுநல விளம்பரத்தில் அதை ஒளிபரப்பினார்கள். அதே அடி செழிப்பான காலத்து நாடொன்றில் விழுந்திருந்தால், துணிச்சலான ஓர் அடி என்ற அளவில் பேச்சு முடிந்திருக்கும்.

வீரர் மேல் ஏறிய அர்த்தம் விற்கும் பொருட்களுக்கு எப்படி மாறுகிறது? மானிடவியலாளர் கிராண்ட் மெக்ராக்கன் 1989இல் தந்த விளக்கம் இன்றும் பயன்படுகிறது. பண்பாட்டிலிருந்து வீரருக்கு, வீரரிடமிருந்து பொருளுக்கு, பொருளிலிருந்து வாங்குபவருக்கு என மூன்று தாவல்கள். 2009 நவம்பரில் கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸின் சொந்த வாழ்க்கை சந்திக்கு வந்தபோது இது துல்லியமாகத் தெரிந்தது. ஆலோசனை நிறுவனமான அக்சென்ச்சர் சில வாரங்களிலேயே விலகியது, நைக்கி விலகவில்லை. முன்னது அவரிடமிருந்து வாங்கியது நிதானம் என்ற அர்த்தத்தை. பின்னது வாங்கியது ஆட்டத் திறனை. கெட்டது முதலாவது மட்டுமே.

விளம்பர முகமைகள் இதையெல்லாம் எண்ணாக்க முயல்கின்றன. அமெரிக்காவில் 1960களிலிருந்து புழங்கும் கியூ ஸ்கோரின் கணக்கு எளிது: ‘எனக்கு மிகவும் பிடித்தவர்களில் ஒருவர்’ என்று சொன்னவர்களின் எண்ணிக்கையை, அவரைத் தெரியும் என்றவர்களின் எண்ணிக்கையால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். 1,000 பேரில் 600 பேருக்குத் தெரிந்து 150 பேருக்கு மிகவும் பிடித்தால் 25. இன்னொருவரை 200 பேருக்கே தெரிந்து 90 பேருக்குப் பிடித்தால் 45. குறிப்பிட்ட வட்டத்துக்கு விற்கும் பொருளுக்கு இரண்டாமவரே சரியான ஆள்.

இத்தகைய எண்களை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கருத்துக்கணிப்பில் ஜப்பானியர் அளவுகோலின் நடுப்பகுதியைத் தேர்வதும், அமெரிக்கர் இரு முனைகளுக்குப் போவதும் ஆய்வுகளில் தெரிந்த போக்கு. டோக்கியோவில் வந்த குறைந்த மதிப்பெண், வெறும் விடையளிக்கும் பழக்கமாகவும் இருக்கலாம். ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர் வீரர்களின் சராசரியை முதலில் எடுத்து, அதிலிருந்து எவ்வளவு விலகல் என்று பார்த்தால்தான் ஒப்பீடு நிற்கும்.

ஒரு நாட்டின் பழகிய அழகு அளவுகோலுக்குள் வீரரைத் திணிப்பது இன்னும் மோசமான பிழை. டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகாவின் தந்தை ஹெய்ட்டியைச் சேர்ந்தவர், தாய் ஜப்பானியர். 2019 ஜனவரியில் ஜப்பானின் நிஸ்ஸின் நிறுவனம் வெளியிட்ட கேலிச்சித்திர விளம்பரத்தில் அவர் வெளிர்நிறமாக வரையப்பட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கினார்கள். உலகப் புகழுக்காக ஒப்பந்தம் செய்துவிட்டு, அந்தப் புகழுக்குச் சொந்தக்காரரின் முகத்தையே அழித்தது மன்னிக்கக் கடினமான தவறு. இதற்கு நேர்மாறான முன்மாதிரியும் உண்டு. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியின் ஸ்பான்சர் பீர் நிறுவனமாக இருந்தபோது, சமய நம்பிக்கை காரணமாக ஹாஷிம் அம்லா அந்தச் சின்னம் இல்லாத சட்டையோடு ஆட இடம் கொடுத்தார்கள்.

ஆகவே பல நாடுகளுக்கான ஒப்பந்தத்தில் சில விவரங்களை நாடுவாரியாகப் பிரித்து எழுத வேண்டும்: படத்தின் உரிமை வீரருக்கா, கழகத்துக்கா, தேசிய அணிக்கா, அணியின் சீருடையோடு எடுத்த படத்துக்குத் தனி அனுமதி வேண்டுமா, எந்தெந்தப் பொருள் வகைகளை வீரர் தொடவே மாட்டார், நடத்தை தவறினால் ஒப்பந்தத்தை முறிக்கும் பிரிவு எந்தச் செயலால் நடைமுறைக்கு வரும். இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் தோன்றுபவருக்கே முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் ஓராண்டு வரை விளம்பரத் தடையும் விதிக்கலாம். தப்ப வேண்டுமானால், பொருளைப் பற்றிய கூற்றை அவர் உரிய கவனத்தோடு சரிபார்த்திருக்க வேண்டும்.

ஒப்பந்தமே இல்லாத நிறுவனங்கள் சிக்குவது வெற்றிக்கு மறுநாள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெண்கலம் வென்றதும் பல நிறுவனங்கள் அவர் படத்தோடு தங்கள் சின்னத்தையும் சேர்த்து வாழ்த்து வெளியிட்டன. அவருடைய உரிமைகளைக் கையாளும் நிறுவனம் சட்ட நோட்டீஸ் அனுப்பியது. படத்தையும் சின்னத்தையும் ஒரே படச்சட்டத்துக்குள் வைத்த கணத்திலேயே அந்த வாழ்த்து விளம்பரமாகிவிட்டது என்பதே அவர்கள் தரப்பு வாதம்.