"ஆச்சிக்கு எல்லாமே மனப்பாடம்" என்று இனி சொல்லாதீர்கள்

போன வாரம் மத்தியானம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு செட்டிநாட்டு ஆச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேத்தி கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே நாள். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியிருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 48. காலையில் சுகர் மாத்திரை போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று போட்டிருக்கிறார், கல்யாணச் சீர்ச் சாமான்களைப் பரப்பிவைக்கிற அவசரத்தில் சாப்பிடவும் இல்லை. குளுக்கோஸ் ஏற்றிக் கண் தெளிந்ததும், "தம்பி, இடுப்புல இருந்த சாவிக்கொத்து எங்க?" என்றுதான் முதலில் கேட்டார். இந்த வைகாசியில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள்.

விசாரித்தால் வீட்டுக்கு வீடு ஒரே பதில். "ஆச்சிக்கு எல்லாமே மனப்பாடம் டாக்டர், எழுதிவைக்கிற பழக்கமே இல்லை." இதைப் பெருமையாக வேறு சொல்கிறார்கள், எனக்குக் கோபமே இதில்தான். யார் மனதும், காலேஜ் பிள்ளையின் மனதும்கூட, ஒரே நேரத்தில் நாலைந்து விஷயத்துக்கு மேல் தாங்காது. சமையல்காரருக்குக் கொடுத்த அட்வான்ஸ், சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு அறை, பலகாரத்துக்கு நெய், எந்தப் பெட்டியில் எந்த வெள்ளி என்று இத்தனையும் உள்ளே ஓடினால் தவறிப்போவது தன் மாத்திரையும் தன் சாப்பாடும்தான். அதிலும் தினமும் செய்கிற காரியம்தான் அதிகம் குழம்பும், நேற்று மாத்திரை போட்டதும் இன்று போட்டதும் நினைவில் ஒன்றுபோலவே இருக்கும். எழுதிவைத்தால் வயசாகிவிட்டது என்று அர்த்தமா? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன உங்கள் ஐயாக்கள் அன்றாட வரவு செலவைக் குறித்து, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை என்கிற இருப்புக் கணக்கும் எடுத்தவர்கள். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று சொன்னதும் நம் ஆட்கள்தான்.

ராத்திரி படுக்குமுன் அஞ்சு நிமிஷம், நாளைக்கு என்னென்ன வேலை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அமெரிக்காவில் பெய்லர் பல்கலைக்கழகத்தார் 57 பேரை வைத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இனிச் செய்யவேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலையை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிஷம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள்.

அப்புறம், ஏழு நாளுக்கும் கட்டம் போட்ட மாத்திரை டப்பா மருந்துக்கடையில் கிடைக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நிரப்பிவையுங்கள். கட்டம் காலி என்றால் போட்டாச்சு, அவ்வளவுதான். சந்தேகம் என்றால் சுகர் மாத்திரையை இரண்டாவது தடவை தொடாதீர்கள், டாக்டருக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். சாப்பாடு கைக்கு வந்த பிறகு மாத்திரையை எடுங்கள். விசேஷம் முடியட்டும் என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தவே கூடாது. சாவிக்கு ஒரே ஆணி. பந்தல்காரர், பூக்காரர் போனையெல்லாம் ஒரு பேரனிடம் ஒப்படைத்துவிடுங்கள். வேர்த்து நடுங்கினால் உடனே மூன்று நாலு ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிதான்.

சென்னையிலிருந்து இரண்டு நாள் முன்னால் வந்து இறங்குகிற பிள்ளைகளுக்கு ஒன்று. "ஆச்சி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், ஆச்சு என்றுதான் சொல்வார். இலை போட்டு உட்காரவைத்து, அவர் சாப்பிட்டு எழுந்திருக்கிற வரைக்கும் பக்கத்திலேயே இருங்கள்.