பனியன் துணியில் தையல் மட்டும் ஏன் அறுகிறது?

மகளுக்குத் தைத்த டி-ஷர்ட்டை முதல் தடவை போட்டுப் பார்த்தோம். தலை நுழையும்போதே ‘படக்’கென்று ஒரு சத்தம். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுத்தைச் சுற்றி ஓடிய தையல்தான் அறுந்திருந்தது. நூலும் நல்ல நூல், தையலும் சீரான தையல். பிறகு ஏன்?

வேட்டியிலும் புடவையிலும் நீளவாட்டில் போகும் பாவு நூலும் குறுக்கே போகும் ஊடை நூலும் கிட்டத்தட்ட நேராக ஓடுகின்றன. நேராக இருக்கும் நூலை இழுத்தால் நீளம் எங்கிருந்து வரும்? ஜாக்கெட் தைப்பவர்கள் ‘கிராஸ் கட்’ போடுவது இதற்காகத்தான். துணியைக் கோணலாக வைத்து வெட்டினால் பாவும் ஊடையும் போட்ட கட்டங்கள் சாய்ந்து, கொஞ்சம் இழுபடும்.

திருப்பூரின் நிட்டிங் மெஷின்களில் குழாய் குழாயாக இறங்கும் பனியன் துணி வேறு ரகம். பழைய பனியன் ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெளிப்பக்கம் வரிசை வரிசையாகச் சடை பின்னியதுபோலத் தெரியும். அங்கே நூல் வளைந்து வளைந்து, ஒவ்வொரு வளையமும் முந்தைய வரிசை வளையத்துக்குள் நுழைந்து நிற்கிறது. அகலவாட்டில் இழுத்தால் வளையம் படுத்து விரிகிறது. துணியின் உயரம் குறைகிறது. நூல் அதே நூல்தான், அதன் வளைவு மட்டுமே மாறுகிறது. உடலைச் சுற்றி வரும் பக்கமாக இந்த அகலவாட்டை வைத்து வெட்டச் சொல்வது இதனால்தான்.

இழுபட்டால் மட்டும் போதாது, திரும்பவும் வேண்டும். வெறும் பருத்தி வளையங்கள் ஒன்றோடொன்று உரசி, போன இடத்திலேயே தங்கிவிடும். முட்டி தொய்ந்த பைஜாமா அப்படி ஆனதுதான். துவைத்தால் ஓரளவு பழைய நிலைக்கு வரும். இந்தக் குறையைத் தீர்த்தது ஸ்பான்டெக்ஸ். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் உருவாக்கிய இந்த இழையைக் கடைகளில் ‘லைக்ரா’ என்கிறார்கள். அதன் மூலக்கூறில் சிக்குப் பிடித்த நூல்போல் சுருண்ட மென்பகுதிகளும், அவற்றை இடையிடையே முடிச்சாகப் பிடித்திருக்கும் கடினப் பகுதிகளும் உண்டு. இழுத்தால் சுருள் நேராகும். விட்டால் மறுபடி சுருண்டுகொள்ளும். முடிச்சுகள் அவிழாததால் பழைய அளவு மறப்பதில்லை. நூறில் ஐந்து பங்கு லைக்ரா கலந்தாலே லெகிங்ஸுக்குப் போதுமான பிடிப்பு வந்துவிடும். சூடான இஸ்திரிப் பெட்டியும் குளோரின் கலந்த நீரும் இதற்கு ஆகாது.

கடையில் தொட்டுப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். துணியை மடித்து, மடிப்பில் 10 சென்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுங்கள். 13-க்குப் போனால் 30 சதவீதம் இழுபடுகிறது. விட்டதும் 10-க்குத் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். 11-இல் நின்றுவிடும் துணியில் நான் லெகிங்ஸ் வெட்டமாட்டேன். தைக்கும் முன் ஒருமுறை துவைத்துக் காயவைத்தும் விடுங்கள். பருத்திப் பனியன் துணி நன்றாகவே சுருங்கும்.

இனி அந்தப் ‘படக்’. துணி 10-இலிருந்து 13 ஆகும்போது, அதன்மேல் நேராக ஓடும் தையல் நூல் எங்கே போகும்? நீள வழியில்லாமல் அறுந்துவிடுகிறது. துணியைப் போலவே தையலும் வளைந்து கிடக்க வேண்டும். பனியன் கம்பெனிகளில் இருக்கும் ஓவர்லாக், பேட்லாக் (பிளாட்லாக்) தையல் மெஷின்கள் வளையமாகவே நூலைப் பின்னுவதால் தையல் துணியோடு சேர்ந்து விரியும். வீட்டு மெஷினில் இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து விழும் ஜிக்ஜாக் தையல் இருக்கிறது. ஒவ்வொரு சாய்வும் முன்னே 1 மில்லிமீட்டர், பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் என்று வைத்தால், 1 மில்லிமீட்டர் தையலுக்குள் 1.41 மில்லிமீட்டர் நூல் சேர்கிறது. கணக்குப்படி 40 சதவீதம் வரை நூலுக்கு வலிக்காது. பக்கவாட்டை 1-லேயே விட்டு, முன்னே போவதை மட்டும் 2.5 ஆக்கினால் இந்தக் கையிருப்பு 8 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்!

ஊசியும் மாற வேண்டும். கூர்முனை ஊசி வளையத்தின் நூலையே குத்தி அறுத்தால், அந்தத் துளையிலிருந்து வரிசையாகப் பிரியத் தொடங்கும். பால் பாயிண்ட் ஊசியின் மழுங்கிய முனை நூலை ஒதுக்கிவிட்டு இடுக்கில் இறங்கும். தையல் விட்டு விட்டு விழுகிறது என்றால் பெரும்பாலும் ஊசிதான் காரணம். துணி ஊசியோடு ஒட்டி மேலே வருவதால், மெஷினின் அடியில் சுழலும் கொக்கி பிடிக்க வேண்டிய நூல் வளைவு உருவாகாமல் போகிறது.

டி-ஷர்ட்டின் கழுத்தைப் பிரித்து, பால் பாயிண்ட் ஊசியில் 1-க்கு 1 ஜிக்ஜாக் வைத்துத் திரும்பத் தைத்தேன். மகள் தலையை நுழைத்தாள். கழுத்து அகலமாக விரிந்தது, தலை வெளியே வந்ததும் தோளில் போய் ஒட்டிக்கொண்டது.