முதுகெலும்பு ஓரத்தில் தானாகக் கரையும் கட்டி

1980-களின் நடுவில் ஜப்பானில் நாடு முழுக்க ஒரு பரிசோதனை தொடங்கியது. ஆறு மாதக் குழந்தையின் சிறுநீரில் ஒரு வடிதாளை நனைத்து, காயவைத்து, பெற்றோர் தபாலில் போட்டுவிட வேண்டும். தேடியது நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயை. அந்தக் கட்டி சுரக்கும் பொருளின் கழிவு சிறுநீரில் காட்டிக்கொடுத்துவிடும்.

நிறையக் குழந்தைகளிடம் கட்டி அகப்பட்டது. அறுவை சிகிச்சை, கீமோ என்று வைத்தியமும் நடந்தது. ஆனால் இதே சோதனையைச் செய்துபார்த்த ஜெர்மனியும் கனடாவின் கியூபெக் மாகாணமும் 2002-ல் வெளியிட்ட முடிவு வேறு கதை சொன்னது: நோயாளிகள் கூடினார்கள், சாவு குறையவில்லை. யாரும் தேடியிருக்காவிட்டால் சத்தமில்லாமல் கரைந்துபோயிருக்கும் கட்டிகளையே பெரும்பாலும் பிடித்திருக்கிறார்கள். 2004-ல் ஜப்பான் சோதனையை நிறுத்தியது.

புற்றுநோய் எப்படித் தானாகக் கரையும்? கருவில் முதுகெலும்பின் இருபுறமும் பரிவு நரம்புச் சங்கிலி (இதயத் துடிப்பு போன்றவற்றை நம் கட்டளையின்றி முடுக்கும் நரம்புகள்) உருவாகிறது. உடல் அதற்குத் தேவைக்கு மேலேயே செல்களைப் படைத்துவிட்டு, நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தை மட்டும் அளந்து ஊற்றுகிறது. கிடைத்த செல் பிழைக்கும். கிடைக்காதது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இந்தப் புரதம் உள்ளிட்ட வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986-ல் நோபல் பரிசு பெற்றார்கள். (அதன் முதல் தடயம் கிடைத்தது எலியின் புற்றுக்கட்டியில் என்பது வேடிக்கைதான்.)

நியூரோபிளாஸ்டோமா அந்தச் சங்கிலியிலோ சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ முளைப்பது. கைக்குழந்தைகளின் கட்டிச் செல்களில், அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் டிஆர்கே-ஏ என்ற ஏற்பி அடர்த்தியாக இருக்கும். அதாவது, புற்றாக மாறிய பிறகும் அவை அந்தப் புரதத்துக்காகவே காத்திருக்கின்றன. வராவிட்டால் மடிகின்றன, வந்தால் சாதுவான நரம்புச் செல்லாக முதிர்கின்றன. நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் பங்கு உண்டு என்பார்கள். எனக்கு இந்தப் பட்டினி விளக்கமே அதிகம் பொருந்துவதாகப் படுகிறது.

கல்லீரல், தோல், எலும்பு மஜ்ஜை வரை பரவிய பிறகும் சில கைக்குழந்தைகளிடம் இது நடக்கிறது. தோலுக்கடியில் நீலம் பாரித்த முடிச்சுகள் மாதக்கணக்கில் மெல்ல மறையும். கல்லீரல் வீங்கி மூச்சு முட்டினால் மட்டும் கொஞ்சம் கீமோ கொடுப்பார்கள்.

எல்லோருக்கும் காத்திருக்க முடியாது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள துளை வழியே கட்டி உள்ளே நுழைந்து தண்டுவடத்தை நெருக்கினால், காலை உதைத்து விளையாடிய குழந்தையின் கால் துவண்டுவிடும். அங்கே உடனே சிகிச்சை. செல்லைப் பெருகத் தூண்டும் எம்ஒய்சிஎன் என்ற மரபணு கட்டியில் பல பிரதிகளாகப் பெருகியிருந்தாலும் அப்படித்தான். அந்த வகைக் கட்டி பட்டினிக்கு மசியாது.