412 நாள் நிற்காத சேர்வர்

ஹட்டனில் கம்பியூட்டர் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "எங்கள் ஒஃபிஸ் கம்பியூட்டர்களுக்கெல்லாம் பொதுவான சேர்வர் 412 நாளாக ஒரு தடவைகூட நிற்கவில்லை அண்ணா, நம்பகமானதுதானே?"

அப்படிச் சொல்ல முடியாது தம்பி. பாதுகாப்புத் திருத்தங்கள் பலவும் ரீபூட் செய்தால், அதாவது நிறுத்தி மீண்டும் இயக்கினால்தான் வேலைக்கு வரும், ஆகவே 412 நாள் என்றதும் எனக்குப் பயம்தான் வருகிறது.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியை நினைத்துப் பாருங்கள். அதன் எஞ்சின் எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது என்று எந்தத் தொழிற்சாலையும் கேட்பதில்லை. சாக்குக்குள் சூடேறிக் கெட்டுப்போகுமுன் கொழுந்து வந்து சேர்ந்ததா என்பதுதான் அங்கே பேச்சு. சேர்வருக்கும் அதே கேள்வி: கேட்டபோது கிடைத்ததா? இதைத்தான் அவைலபிலிட்டி என்கிறார்கள். வருடத்துக்கு 8,760 மணித்தியாலம், 99.9 சதவீதம் என்றால் அதில் எட்டே முக்கால் மணித்தியாலம் நிற்கலாம். 99.99 என்றால் 52 நிமிடம்தான்.

கணக்கு சின்னது. பழுதில்லாமல் ஓடும் சராசரி நேரத்தை, அதோடு திருத்தும் நேரத்தையும் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். 1,000 மணித்தியாலம் ஓடி, 10 மணித்தியாலம் பழுதாகிக் கிடந்தால் 99.01 சதவீதம். இப்போது திருத்தும் நேரத்தை மட்டும் 5 ஆக்குங்கள், 99.5 ஆகிவிடும். இரண்டு மடங்கு உறுதியான, 2,000 மணித்தியாலம் ஓடும் மெஷின் வாங்கினாலும் அதே 99.5தான்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. விலை கூடிய சேர்வர் வாங்க வழியில்லாத ஒஃபிஸ், கண்டியிலிருந்து பஸ்ஸில் வரவேண்டிய பவர் சப்ளை (சேர்வருக்குள் கரண்ட் கொடுக்கும் பாகம்) ஒன்றை முன்கூட்டியே அலமாரியில் வாங்கி வைத்தால், அதே பலனில் பெரும்பங்கைப் பெற்றுவிடலாம்.

இரண்டு சேர்வர் வைத்தால் ஒன்றை நிறுத்தித் திருத்தும்போது மற்றது வேலை செய்யும். ஆனால் இரண்டும் ஒரே கரண்டை நம்பியிருக்கக் கூடாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

சேர்வருக்குப் பொட்டு வைத்து ஊதுபத்தி கொளுத்துவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. "ஓடுவதைத் தொடாதே" என்கிறார்களே, அதுதான் என் கண்ணில் உண்மையான மூடநம்பிக்கை. இந்த ஞாயிறு இரவு பேக்கப் எடுத்துவிட்டு நீங்களே ரீபூட் செய்யுங்கள், திரும்ப எழும்ப எத்தனை நிமிடம் எடுத்தது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள் தம்பி.